பேட்டரியைக் கழற்ற முடியாது, கார்டும் போட முடியாது: எண்பதாயிரம் ரூபாய் போனை எப்படி வாங்குவது?

கேள்வி: சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனை 2014 முதல் ஆறு வருடம் வைத்திருந்தேன். பேட்டரி தளர்ந்ததும் பின்மூடியை நகத்தால் நெம்பிப் புதியதைப் போட்டேன். இடம் போதாதபோது மெமரி கார்டு வாங்கினேன். இப்போது எண்பதாயிரம் ரூபாய் போனில்கூட இரண்டும் இல்லை. தண்ணீர் புகாமல் இருக்கத்தான் இப்படி என்கிறார் கடைக்காரர். உண்மையா? இரண்டும் உள்ள நல்ல போன் கிடைக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: பாதி உண்மை. உங்கள் எஸ்5 போனுக்கே ஐபி67 தரம் இருந்தது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள். பின்மூடியின் உட்புறம் சுற்றிலும் ஒரு ரப்பர் விளிம்பு இருக்குமே, அதுதான் காவல். ஆனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் அது சரியாக உட்கார வேண்டும். ஒட்டி மூடிவிட்டால் நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை. தவிர, கழற்றும் பேட்டரிக்குத் தனியாகக் கெட்டியான உறை வேண்டும், அது இடத்தை அடைக்கும். கண்ணாடி முதுகும் மெல்லிய உடலும் வேண்டும் என்று முடிவெடுத்ததும் பேட்டரி உள்ளே போய்விட்டது.

மெமரி கார்டு விஷயத்தில் தண்ணீர்க் காரணம் சுத்தமாக நிற்காது. 2015-இல் எஸ்6 போனில் கார்டை எடுத்தார்கள். மறு வருடமே எஸ்7 போனில் கார்டும் வந்தது, ஐபி67-ஐ விடக் கூடுதலாகத் தண்ணீர் தாங்கும் ஐபி68 தரமும் வந்தது. 2021-இல் எஸ்21 வந்தபோது மறுபடி எடுத்துவிட்டார்கள். வேகம் ஒரு நியாயமான காரணம்தான். போன்களில் நாம் போடும் சாதாரண கார்டு நொடிக்குச் சுமார் 100 எம்பிக்கு மேல் போகாது, யுஎஃப்எஸ் 4.0 வகை உள் சேமிப்பு 4000 எம்பியைத் தொடும். ஆனால் படமும் பாட்டும் வைத்துக்கொள்ள அந்த வேகம் எதற்கு? 128-லிருந்து 256 ஜிபிக்குப் போக நம்மிடம் கேட்கும் கூடுதல் பணமும் இந்த முடிவில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டும் உள்ளவை: சாம்சங்கின் எக்ஸ்கவர் வரிசை, ஐரோப்பாவில் விற்கும் ஃபேர்போன் 5. எக்ஸ்கவர் வேலைத்தளத்துக்கான முரட்டு போன். எஸ் வரிசையின் கேமராவை அதில் எதிர்பார்க்காதீர்கள். சோனி எக்ஸ்பீரியா 1 வரிசையில் கார்டு மட்டும் உண்டு, ஆனால் சோனி இந்தியாவில் போன் விற்பதை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், பயன்படுத்துபவரே பேட்டரியை மாற்ற முடிய வேண்டும் என்ற சட்டம் வருகிறது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 1000 தடவை முழுதாகச் சார்ஜ் ஏறித் தீர்ந்த பிறகும் (இதை 1000 சுற்று என்பார்கள்) பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும், தண்ணீரும் புகாத போன்களுக்கு அங்கே விலக்கு இருக்கிறது.

அதனால் வாங்கும் நாளிலேயே இரண்டு விஷயங்களை முடிவு செய்யுங்கள். உங்களுக்குத் தேவை என்று தோன்றும் சேமிப்புக்கு ஒரு படி மேலே வாங்குங்கள், பின்னால் கூட்டவே முடியாது. அப்புறம், அந்த மாடலுக்குப் பேட்டரி மாற்ற எவ்வளவு என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அதையும் போன் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: என் ஐபோன் 13-இல் பேட்டரி நிலை 79 சதவீதம் காட்டுகிறது. வெளிக்கடையில் மாற்றினால் பாதி விலைதான். மாற்றலாமா?

பதில்: உங்கள் மாடல் 500 சுற்றில் 80 சதவீதம் தாங்கும்படி செய்தது, ஐபோன் 15-லிருந்துதான் அதை 1000 சுற்று என்று உயர்த்தினார்கள். மொத்தமாக நூறு சதவீதம் செலவானால்தான் ஒரு சுற்று. சார்ஜரைச் செருகும் தடவைக் கணக்கு அல்ல. ஆக, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. என் ஓட்டு அதிகாரபூர்வ சர்வீசுக்கே. வெளிக்கடைதான் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். பேட்டரியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா? திரையைச் சுற்றியுள்ள ஒட்டுப் பட்டையைப் புதிதாகப் போடுவார்களா? பழைய பட்டையோடு மூடினால் மழையில் போனை நம்ப முடியாது. திரை லேசாக மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அன்றே கொண்டுபோங்கள்.

கேள்வி: பழைய போனின் மெமரி கார்டில் மகளின் சிறுவயதுப் படங்கள் இருக்கின்றன. கணினியில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது.

பதில்: வேண்டாம் என்று சொல்லி உடனே வெளியே எடுங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டை உள் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ளும் வசதி சில போன்களில் உண்டு. அப்படி மாற்றியிருந்தால் கார்டு பூட்டப்பட்டிருக்கும், சாவி அந்தப் பழைய போனுக்குள் இருக்கிறது. அந்தப் போனை ரீசெட் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால், கார்டை அதிலேயே போட்டு, கேபிள் வழியாகப் படங்களைக் கணினிக்கு எடுங்கள். எடுத்த கையோடு இன்னொரு நகலும் வையுங்கள். போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதுவரைக்கும்.