அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் காற்று கேபினட்டுக்குள் வருமா?

கேள்வி: திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5 12400எஃப் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கூலர் பிராசஸருடன் வந்ததுதான். கேபினட்டின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்னால் ஒரே ஒரு ஃபேன். அறையில் ஏசி கிடையாது. டிசம்பரில் ஒரு தொல்லையும் இல்லை. ஏப்ரல் வந்துவிட்டால், ரெண்டர் (வெட்டிய வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை) போட்ட பத்தாவது நிமிடமே பிராசஸர் 98, 100 டிகிரிக்கு ஏறி வேலை மந்தமாகிவிடுகிறது. கடையில் 3000 ஆர்பிஎம் சர்வர் ஃபேன் ஒன்றைக் காட்டி, ‘இதைப் போடுங்க சார், ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும்’ என்கிறார்கள். சிஎஃப்எம், அதாவது ஃபேன் தள்ளும் காற்றின் அளவு, அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதுமா? அதுவரை பக்கக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்காது. எந்த ஃபேனும் அறையில் இருக்கும் காற்றைத்தான் எடுத்து அடிக்கும். அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் முடியாது. ஏப்ரலில் உங்கள் அறை 38 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் 98-ல் நின்றால், அறையைவிட 60 டிகிரி மேலே இருக்கிறது. டிசம்பரில் அறை 26 டிகிரி என்றால் அதோடு இதே 60-ஐக் கூட்டிப் பாருங்கள், 86 வரும். ஆக, டிசம்பரிலும் கோளாறு இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த பிராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் மந்தம் அதுதான். 38-ஐ நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 60-ஐக் குறைக்கத்தான் இவ்வளவு பாடும்.

காசு கொடுப்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே புராஜெக்டை எடுத்துப் பதினைந்து நிமிடம் ரெண்டர் போடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பிராசஸரின் வெப்பத்தையும் கிளாக் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினட்டின் பக்கக் கதவையும் முன் கண்ணாடியையும் கழற்றிவிட்டு அதையே இன்னொரு முறை போடுங்கள். அறை வெப்பம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அதனால் அடுத்தடுத்துச் செய்துவிடுங்கள். கிளாக் வேகத்தை ஏன் குறிக்கச் சொல்கிறேன் என்றால், 100 டிகிரியில் முட்டிக்கொண்டு நிற்கும் பிராசஸர் கொஞ்சம் நல்ல காற்று கிடைத்ததும் வெப்பத்தைக் குறைக்காது. வேகத்தைக் கூட்டிக்கொண்டு அதே 100-லேயே நிற்கும். வெப்பத்தை மட்டும் பார்த்தால் ‘ஒன்றுமே மாறவில்லையே’ என்று ஏமாந்துவிடுவோம்.

கதவைத் திறந்ததும் நிலைமை நன்றாகத் தேறினால், சூடான காற்று கேபினட்டுக்குள் தேங்குகிறது. கேபினட் ஃபேன் வாங்கலாம். ஒரு மாற்றமும் இல்லை என்றால், பிராசஸரின் தலையில் உட்கார்ந்திருக்கும் கூலர் போதவில்லை, இல்லையேல் இரண்டுக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. முன்னால் எத்தனை ஃபேன் மாட்டினாலும் அது சரியாகாது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டும் சேர்ந்திருக்கும் என்றே படுகிறது. 12400எஃப் பிராசஸரின் அடிப்படை அளவு 65 வாட், உச்ச அளவு 117 வாட். கூடவே வரும் சின்ன கூலர் 65 வாட்டைத் தாங்கும். பல மதர்போர்டுகள் உச்ச அளவை நேர வரம்பே இல்லாமல் திறந்துவிடுகின்றன, அங்கேதான் அது திணறுகிறது.

இனி சிஎஃப்எம். அறையில் கொசுவலை கட்டிப் படுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், வலைக்குள் இருப்பவருக்கு வியர்த்துக் கொட்டும். ஃபேன் காற்றைத் தள்ளத்தான் செய்கிறது, ஆனால் அந்த வலையை ஊடுருவும் அழுத்தம் அதற்கு இல்லை. அதையே ஒரு டேபிள் ஃபேனை வலையை ஒட்டி வைத்தால் உள்ளே வந்துவிடும். கேபினட்டில் தூசி வடிகட்டி, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒடுக்கமான சந்து, கூலரில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்கின் நெருக்கமான தகடுகள் எல்லாமே கொசுவலைதான்.

அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. முன்னும் பின்னும் ஒரு தடையும் இல்லாத வெட்டவெளியில் அளந்தது. ஸ்டாட்டிக் பிரஷர் என்று மில்லிமீட்டர் நீர் உயரத்தில் போட்டிருப்பது, காற்றின் வழியை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது. உங்கள் கேபினட் வெட்டவெளியும் அல்ல, அடைத்த சுவரும் அல்ல. அதனால் இரண்டு எண்ணில் எதுவும் நேரடியாக உங்கள் வீட்டுக்கு வராது. நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் நடுவே ஃபேன் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு வளைகோட்டு வரைபடம் தருவார்கள். அது கிடைத்தால் பாருங்கள். கிடைக்காவிட்டால் இந்த அளவு போதும்: பின்பக்கத்துத் திறந்த துளைகளுக்கு எந்த ஃபேனும் செல்லும், வடிகட்டிக்குப் பின்னால் மாட்டுவதற்கும் ஹீட்சிங்குக்கும் பிரஷர் 2 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு காற்றுதான் தேவை? கணக்கு சுலபம். மொத்த வாட்டை 1.76-ஆல் பெருக்கி, கேபினட்டுக்குள் காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்று நினைக்கிறீர்களோ அதனால் வகுத்தால் சிஎஃப்எம் வரும். உங்கள் பிராசஸர் உச்சத்தில் 117 வாட், கிராபிக்ஸ் கார்டு 170 வாட். மற்றவற்றையும் சேர்த்துத் தாராளமாக 300 வாட் என்போம். உள்ளே காற்று 10 டிகிரி ஏறலாம் என்றால் 53 சிஎஃப்எம் போதும். 53 தான்! கடைக்காரர் காட்டும் நூற்றுச் சொச்சம் சிஎஃப்எம் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆனால் அந்த 53 நிஜமாகவே உள்ளே வந்து வெளியே போக வேண்டும். வடிகட்டி, கண்ணாடிச் சந்து எல்லாம் தாண்டி வரும்போது ஒரு ஃபேனின் அட்டைக் கணக்கில் பாதி கிடைத்தால் பெரிது. ஆகவே முன்னால் இரண்டு ஃபேன்.

‘ஒரே ஃபேனை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் ஆகாதா?’ என்று கேட்கலாம். ஆகும், ஆனால் அதற்குக் கூலி அதிகம். வேகத்தை இரட்டித்தால் காற்று இரண்டு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, மோட்டார் இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்கு. சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். அதே வேகத்தில் இன்னொரு ஃபேனைச் சேர்த்தாலோ 3 டெசிபல்தான் கூடுகிறது. கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தையும் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டு வெட்ட வேண்டிய உங்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

அந்த சர்வர் ஃபேன் விஷயம். பழைய சர்வரிலிருந்து கழற்றி விற்கும் இவை பெரும்பாலும் 38 மில்லிமீட்டர் தடிமன். சாதாரண கேபினட் ஃபேன் 25. காற்று பிரமாதமாக வரும், மறுக்கவில்லை. வாங்குகிறவர்கள் பார்க்க மறப்பது, நடுவில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள ஆம்பியர் எண்ணை. மதர்போர்டில் ஃபேன் மாட்டும் ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தரும். பல வருடங்களுக்கு முன் நானும் ஆசைப்பட்டு 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஒன்றை வாங்கி நேராக ஹெடரில் செருகினேன். மிக்ஸியில் வெறும் ஜாரை ஓட்டுகிற சத்தம் வந்தது. இரண்டாவது நாள் சத்தம் நின்றுபோனது. ஹெடரும் அன்றோடு போனது. அதிவேக ஃபேன்தான் வேண்டும் என்றால் மதர்போர்டு ஹெடர் தாங்கும் அளவில் இழுப்பவை இருக்கின்றன. நாக்டுவாவின் என்எஃப்-எஃப்12 இண்டஸ்ட்ரியல் பிபிசி 3000 ஆர்பிஎம்மில் 109.9 சிஎஃப்எம், 7.63 மில்லிமீட்டர் அழுத்தம், சத்தம் 43.5 டெசிபல் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் செலவு ஃபேனே அல்ல. வெப்பத்தைக் கடத்தும் நான்கு குழாய்களும் (ஹீட்பைப்) 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள, கோபுரம் போல நிற்கும் டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். டீப்கூல் ஏஜி400 போன்றவை இந்த வகை. பிராசஸர் உட்காரும் உங்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கான கிளாம்ப் உடன் வருகிறதா, கேபினட்டின் அகலம் அதன் உயரத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கூலர்கள் 150 முதல் 160 மில்லிமீட்டர் வரை நிற்கும். கதவு மூடவில்லை என்று கடைக்குத் திரும்ப ஓடியவர்கள் உண்டு. பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து முன்பக்கத்துக்கு இரண்டு ஃபேன். 140 மில்லிமீட்டருக்கு இடம் இருந்தால் அதுவே நல்லது, அதே காற்றைக் குறைந்த வேகத்தில் தரும். இல்லாவிட்டால் 120. ஆர்க்டிக்கின் பி12 ஃபேன் 1800 ஆர்பிஎம்மில் 56.3 சிஎஃப்எம், 2.2 மில்லிமீட்டர். பலரும் புகழும் நாக்டுவா என்எஃப்-ஏ12 எக்ஸ்25 ஃபேன் 2000 ஆர்பிஎம்மில் 60.1 சிஎஃப்எம், 2.34 மில்லிமீட்டர். எண்ணில் பெரிய இடைவெளி இல்லை, விலையில் இருக்கிறது. நாக்டுவா ஒன்றின் விலைக்கு ஆர்க்டிக் இரண்டு மூன்று வாங்கலாம். அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது? இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்தான் விட்டிருக்கிறார்கள். வெப்பத்திலும் சுழற்சியிலும் நீண்டு சட்டத்தில் உரசாத தனி பிளாஸ்டிக் அதற்குத் தேவைப்படுகிறது. சத்தத்தின் தன்மையும் மென்மை. பி12 நடு வேகத்தில் எங்கோ ஒரு இடத்தில் ரீங்காரம் போடும். அது எந்த வேகம் என்று கண்டுபிடித்து மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அதைத் தாண்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. தொழிலுக்குக் கணினி வைத்திருக்கும் ஒருவர் இரண்டு பி12 வாங்கி, மிச்சக் காசை டவர் கூலரில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

பி12-இல் பிஎஸ்டி என்று போட்ட நான்கு பின் வகையைக் கேளுங்கள்; ஒன்றின் வயரிலேயே அடுத்ததைச் செருகலாம். நான்காவது பின் வழியாகத்தான் மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மூன்று பின் ஃபேன் என்றால் பயாஸில் அந்த ஹெடரை, வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி முறைக்கு மாற்ற வேண்டும், மறந்தால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். வண்ண விளக்கு உள்ள ஃபேன் உங்கள் இஷ்டம். ஆனால் மூன்று பின் 5 வோல்ட் விளக்கு வயரை நான்கு பின் 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் விளக்குகள் அத்தோடு சரி.

பேரிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊர் வெயிலில் முதலில் சாவது அதுதான். மலிவான ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் சூட்டில் காய்ந்துவிடும். மேல்பக்கம் படுக்கையாக மாட்டினால் இன்னும் சீக்கிரம். ஓராண்டில் ‘கர்ர்’ என்று ஆரம்பிக்கும் ஃபேன்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஃப்ளூயிட் டைனமிக் அல்லது டபுள் பால் பேரிங் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

மாட்டும்போது திசையைக் கவனியுங்கள். இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். முன்னால் இரண்டும் உள்ளே இழுக்க, பின்னால் இருப்பது வெளியே தள்ளட்டும். வெளியேறுவதைவிட உள்ளே வருவது கொஞ்சம் அதிகமாக இருந்தால் தூசி வடிகட்டி வழியாகவே வரும், சந்து பொந்துகள் வழியாக வராது. வடிகட்டியை மாதம் ஒரு முறை தட்டிக் கழுவுங்கள். புளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அது பம்பரம் மாதிரி சுற்றுவதைப் பார்க்க நன்றாக இருக்கும், பேரிங்குக்கு நல்லதல்ல.

அப்புறம் அந்தக் கண்ணாடி. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால், அதற்குப் பின்னால் எந்த ஃபேனை வைத்தாலும் கதவை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் போட்ட சமையலறைதான். நானாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி பீரோ மேல் வைத்துவிடுவேன். அழகு போய்விடும் என்று தோன்றினால், வலை முகப்புள்ள கேபினட்டுக்கு மாறுவதை அடுத்த சீசன் வருமானத்தில் யோசிக்கலாம்.

டேபிள் ஃபேன் கேள்விக்கு வருகிறேன். அவசர ரெண்டருக்கு வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கூலர் வந்து சேரும்வரை அதுவே உங்களைக் காப்பாற்றும். இரண்டடி தள்ளி, கொஞ்சம் சாய்வாக வையுங்கள். தூசி வாரம் ஒரு முறை துடைக்க வேண்டி வரும். ரெண்டர் முடிந்ததும், முக்கியமாக ராத்திரியில், கேபினட்டின் பக்கக் கதவை மாட்டிவிடுங்கள். இதமான சூடு தேடி பல்லி உள்ளே போகும். கிராபிக்ஸ் கார்டின் பின்புறத்தில் ஒட்டிக் கருகிப்போன பல்லியைச் சுரண்டி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.