சாப்பிட்டால் வலி, எண்டோஸ்கோபியில் கோளாறு இல்லை: குடலின் இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. சர்க்கரை நோய் உண்டு; நெடுங்காலமாகப் புகைபிடிக்கிறார். ஐந்து மாதங்களாக, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி எடுக்கிறது. எடை 9 கிலோ குறைந்துவிட்டது. எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன் இரண்டிலும் ஒன்றுமில்லை. குடலுக்குப் போகும் இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அவசியமா? அறுவை சிகிச்சை வரை போகுமா?

பதில்: அவசியம்தான், தள்ளிப்போடாதீர்கள். முதலில் தந்தையிடம் ஒன்று கேளுங்கள்: பசியே இல்லையா, பசித்தும் வலிக்குப் பயந்து சாப்பாட்டை ஒதுக்குகிறாரா? இரண்டாவது என்றால் உங்கள் மருத்துவரின் சந்தேகம் வலுக்கிறது.

குடலுக்கு மூன்று தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன. ஒன்று மெல்ல மெல்ல அடைத்தால் மற்றவை ஈடுகட்டிவிடும். அதனால் பெரும்பாலும் இரண்டாவது சுருங்கின பிறகே வலி தெரிகிறது. இதயத் தமனி சுருங்கியவருக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கும் அல்லவா? குடலுக்குச் சாப்பாடுதான் மாடிப்படி. செரிக்கும் வேளையில் கூடுதல் இரத்தம் கேட்கும், கிடைக்காவிட்டால் வலிக்கும். ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடுவதால் 'வாயு' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். வாயுத் தொல்லையில் 9 கிலோ குறையாது.

எண்டோஸ்கோபி உட்சுவரைத்தான் காட்டும். வெளியிலிருந்து வரும் குழாயை அல்ல. வெறும் வயிற்றில் செய்யும் டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலையால் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) நல்ல தொடக்கம், ஆனால் குடலில் காற்று நிறைந்திருந்தால் சரியாகத் தெரியாது. தெளிவான விடை, இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராமில் கிடைக்கும். எடை குறைந்தவருக்குக் கணையப் புற்றுநோயையும் நினைக்க வேண்டும், அதே சி.டி.யில் கணையத்தையும் பார்த்துவிடலாம். குழாய் படத்தில் தெரிவதற்கான சாய மருந்தைச் செலுத்தி எடுப்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் சொல்லிவிடுங்கள்.

சுருக்கம் உறுதியானால், இந்த அளவு எடை குறைந்தவருக்கு மாத்திரை மட்டும் போதாது. பெரும்பாலோருக்கு வயிற்றைத் திறக்காமலே, தொடை அல்லது கை வழியாகக் கம்பி செலுத்தி, குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் வைக்கலாம். சீக்கிரம் எழுந்து நடமாடலாம். ஆனால் ஸ்டென்ட் மீண்டும் சுருங்கக்கூடும், தொடர்ந்து ஸ்கேன் பார்க்க வேண்டும். ஸ்டென்டுக்குத் தோதில்லாத அடைப்புக்குப் பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு மாற்றுப்பாதை அமைப்பது. அது பெரிய அறுவை சிகிச்சை, ஆனால் நெடுநாள் நிற்கும். எதைச் செய்தாலும் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தொடரும். புகை நிற்காவிட்டால் செலவழித்தது வீண். இதில் சமாதானம் கிடையாது. சிகிச்சை வரை சிறிது சிறிதாகப் பலமுறை சாப்பிடட்டும், உடலில் நீர் வற்றவிடாதீர்கள்.

சுருங்கிய குழாயில் இரத்தம் திடீரென உறைந்தால் கதையே வேறு. தாங்க முடியாத வலி வந்து, வழக்கம்போல் தணியாமல் நீடிக்கும். வாந்தி வரலாம், மலத்தில் இரத்தம் போகலாம். ஆரம்பத்தில் தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும், ஆரம்ப இரத்தப் பரிசோதனைகூட இயல்பாக வரலாம். அதை நம்பி வீட்டில் காத்திருந்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். உடனே இரத்தக் குழாய் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 'குடல் இரத்தக் குழாய் அடைப்பு என்று ஏற்கெனவே சந்தேகம் இருக்கிறது' என்பதை அவசரப் பிரிவில் நுழைந்ததும் சொல்லுங்கள்.