பத்து சென்ட் பீரும் பறிபோன ஆட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் தீவிரமான பேஸ்பால் ரசிகர். 1974இல் இங்கே மலிவு விலையில் பீர் விற்று, கலவரத்தில் முடிந்த ‘பத்து சென்ட் பீர் இரவு’ ஆட்டத்தைப் பற்றி யாராவது வேடிக்கையாகப் பேசினால் இன்றும் எழுந்து போய்விடுவார். “எங்கள் ஆட்டத்தைக் கெடுத்தார்கள்” என்பார். அரை நூற்றாண்டு கழிந்தும் இப்படிப் பொருமுவது முறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முறைதான் என்று நினைக்கிறேன். அந்த இரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மைதானத்தில் நிர்வாணமாக ஓடியவர்களைச் சொல்லிச் சிரிக்கிறார்களே தவிர, ஆட்டம் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைச் சொல்வதில்லை. ஜூன் 4 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் பின்தங்கியிருந்த க்ளீவ்லாந்து இந்தியன்ஸ், கடைசி இன்னிங்ஸில் போராடி 5-5 என்று சமன் செய்திருந்தது. வெற்றி ஓட்டத்தை எடுத்துத் தரக்கூடிய க்ளீவ்லாந்து வீரர் ரஸ்டி டோரஸ், ஓட்டப் பாதையின் பாதி வழியான இரண்டாவது பேஸில் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் ஓர் இளைஞர் உள்ளே ஓடி, ரேஞ்சர்ஸ் வீரர் ஜெஃப் பரோஸின் தொப்பியைப் பறிக்கப் பார்த்தார். பரோஸ் தடுமாறி விழ, அவரை அடித்துவிட்டார்கள் என்று எண்ணிய ரேஞ்சர்ஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் தம் வீரர்களுடன் மட்டைகளை ஏந்தி ஓடினார். பெருங்கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டபோது, க்ளீவ்லாந்து வீரர்களும் மட்டையெடுத்துப் போய், தங்களுக்காக ஆர்ப்பரிக்க வந்த ரசிகர்களிடமிருந்தே எதிரணியைக் காத்தார்கள். அப்படிக் காத்தவர்களின் கணக்கில்தான், பாதியில் பறிபோன ஆட்டத்துக்கு விதிப்படி எழுதப்படும் 9-0 என்ற தோல்வி ஏறியது; காயம்பட்ட தலைமை நடுவருக்கு ஆட்டத்தை ரேஞ்சர்ஸுக்கு அளிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. குடிக்காமல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த ஒருவருக்கு இது எளிதில் ஆறும் புண் அன்று.

ஆனால் அவருடைய கோபம் குடித்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. வழக்கமாக 65 சென்ட்டுக்கு விற்ற பீரைப் பத்து சென்ட்டுக்குக் கொடுத்து, ஒரு தடவைக்கு ஆறு கப் வாங்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்தது அணி நிர்வாகம். அதற்கு முந்தைய வாரம்தான் டெக்சாஸில் இவ்விரு அணிகளும் கைகலந்திருந்தன. பழி தீர்க்கும் மனநிலையில் ரசிகர்கள் வருவார்கள் என்பது எதிர்பார்த்திருக்க வேண்டியதே. ஜூலை 18 அன்று அதே சலுகையை நிர்வாகம் மீண்டும் அறிவித்தபோது, ஒருவருக்கு இரண்டு கப் மட்டும் என்று வரம்பு விதித்தது. ஜூனிலேயே செய்திருக்கக்கூடிய காரியம் அது. உங்கள் பெரியவர் அதை எண்ணிப் பொருமுகிறார் என்றால், நான் அவர் பக்கம்தான்.