பாலத்தை எங்கே நின்று பார்க்கிறாள்?

கேள்வி: என் மகள் செங்கோட்டையில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். தான் பார்த்த ஓர் இடத்தை ஆங்கிலத்தில் ஒரு பத்தியாக வருணிக்கச் சொன்னதற்கு, புனலூர் போகும் வழியில் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் பாலத்தைப் பற்றி, ‘தி பிரிட்ஜ் இஸ் வெரி பியூட்டிஃபுல். இட் வாஸ் ஓபன்ட் இன் 1904. தேர் ஆர் மெனி ட்ரீஸ். தி ரிவர் இஸ் ஆல்சோ பியூட்டிஃபுல்’ என்று எழுதினாள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை என்றாலும், ‘படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று ஆசிரியை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் எப்படித் திருத்த வேண்டும்?
— ஒரு வாசகி, புளியரை

பதில்: ஆசிரியை மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். உங்கள் மகளின் பத்தியில் பாலம் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. ஆனால் அவள் எங்கே நின்று இவற்றைப் பார்க்கிறாள் என்பது எந்த வரியிலும் இல்லை. சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியும் பாலம் வேறு, ரயில் பெட்டியின் சன்னல் வழியே பார்ப்பவருக்குத் தெரியும் பாலம் வேறு. ஆகவே முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்து, அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது, கண் நகரும் திசை. கீழிருந்து மேலாக, இடமிருந்து வலமாக, அருகிலிருந்து தொலைவாக என எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பின் பத்தி முடியும்வரை அதை மாற்றக் கூடாது. இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. அடிமுதல் முடிவரை பாடும் பாதாதிகேசமும், முடிமுதல் அடிவரை பாடும் கேசாதிபாதமும் நம் சிற்றிலக்கியங்களில் நெடுநாளாக இருப்பவை. இந்தப் பாலத்துக்குக் கீழிருந்து மேல் செல்வதே பொருந்தும் என்பது என் எண்ணம்: முதலில் வளைவுகள், அவற்றின் மேலே தண்டவாளம், அதற்கும் அப்பால் மலை.

இந்த வரிசையை ஆங்கிலத்தில் தாங்கி நிற்பவை ‘பிலோ’, ‘அபவ்’, ‘பிஹைண்ட்’, ‘டு தி லெஃப்ட்’, ‘இன் தி டிஸ்டன்ஸ்’ போன்ற இடம் காட்டும் சொற்கள். தமிழில் ‘வளைவுகளுக்கு மேலே’ என்று இடச்சொல் பின்னால் வரும். ஆங்கிலத்தில் ‘அபவ் தி ஆர்ச்சஸ்’ என்று முன்னால் வரும். அத்தகைய தொடரில் வாக்கியத்தைத் தொடங்கும்போது, ‘அபவ் தி ஆர்ச்சஸ் ரன்ஸ் எ சிங்கிள் ரயில்வே ட்ராக்’ என்று வினையை எழுவாய்க்கு முன் வைத்து எழுதலாம். இங்கே ‘எ’, ‘தி’ இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். தண்டவாளம் இப்போதுதான் முதன்முறையாகப் பத்திக்குள் வருவதால் ‘எ’. வளைவுகளை வாசகர் முன்பே சந்தித்துவிட்டதால் ‘தி’. எல்லா வாக்கியத்தையும் இப்படியே தொடங்கினால் சலிப்புத் தட்டும்; இரண்டொரு வாக்கியம் போதும்.

இனி விவரங்கள். ‘பியூட்டிஃபுல்’ என்பது பார்த்து முடித்தவரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு அவளைக் கொண்டுவந்தவை எவையோ அவற்றைத்தான் எழுத வேண்டும். பாலத்தின் பெயரிலேயே இருக்கும் பதிமூன்று என்னும் எண்ணை அவள் விட்டுவிட்டு, 1904 என்னும் ஆண்டை மட்டும் எழுதியிருக்கிறாள். வளைவுகளைக் கண்ணால் எண்ணலாம், ஆண்டைப் பார்க்க முடியாது. இந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு அது என்பதும், மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாகி 2018இல் திறக்கப்பட்டது என்பதும் வரலாற்றுக் கட்டுரைக்கு உரிய செய்திகள். வருணனையின் நடுவே வந்தால் நகர்ந்துகொண்டிருக்கும் கண்ணை அவை நிறுத்திவிடும். ‘மெனி ட்ரீஸ்’ என்றால் என்ன மரம்? ரப்பர் என்றால், ‘ரப்பர் ட்ரீஸ் வித் கோகனட் ஷெல்ஸ் டைட் டு தெயர் ட்ரங்க்ஸ்’ என்று, பால் வடியக் கட்டிய சிரட்டையோடு சேர்த்து எழுதட்டும்; தேக்கு என்றால் அதன் அகன்ற இலையைச் சொல்லட்டும். மலையடிவாரத்தில் வளரும் பெண்ணுக்கு இவை தெரிந்த மரங்கள்தாம், அவற்றின் பெயரை எழுதத் தயங்க வேண்டியதில்லை. கல் இடுக்கில் என்ன முளைத்திருக்கிறது, மழைநீர் வழிந்த கறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பனவற்றை வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல், அடுத்த முறை அவ்வழியே போகும்போது நின்று பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும்.

தொடக்கம் இப்படி அமையலாம்: ‘ஃப்ரம் தி ரோட்சைட், யூ கேன் சீ தேர்ட்டீன் ஸ்டோன் ஆர்ச்சஸ் ஸ்டாண்டிங் இன் எ ரோ.’ நிற்கும் இடம், எண்ணிக்கை, பொருள், அமைப்பு நான்கும் இந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. மீதியை அவளே எழுதட்டும்; நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் பாலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் பத்தியைப் படித்துக்காட்டி, கேட்டதை அப்படியே தாளில் வரையச் சொல்லுங்கள். எதை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் எந்த வரியில் நிறுத்துகிறாரோ, திருத்த வேண்டியது அந்த வரியைத்தான்.