அந்த ஊர்ச் சூரியனே கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

மணமான கையோடு வெளிநாட்டில் குடியேறிய இளந்தம்பதியரின் வழிபாட்டைப் பற்றிய கடிதங்கள் அண்மையில் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. எழுதியவர்கள் எல்லாரும் நம் காவிரிப் படுகையைச் சேர்ந்தவர்கள், அல்லது இங்கிருந்து போனவர்கள். அவற்றுள் நான்கை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருவரும் சமய தீட்சை பெற்றவர்கள். திருமணமான சில மாதங்களில் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகருக்கு வந்துவிட்டோம். இங்கே டிசம்பரில் காலை 8.30 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது, அவரோ 7.30 மணிக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. தீட்சை பெற்றவர்கள் நாள்தோறும் செய்யும் அனுட்டானத்துக்கும் பிரதோஷத்துக்கும் ராகு காலத்துக்கும் எந்த நேரத்தைக் கொள்வது? என் மாமனார் ஊரிலிருந்து அனுப்பிய நாட்காட்டியைத்தான் பார்த்து வருகிறோம். விளக்கேற்றினால் கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறுமோ என்ற பயம் வேறு.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மாமனார் அனுப்பிய நாட்காட்டியை அவருடைய அன்புக்காகச் சுவரில் மாட்டி வையுங்கள், நேரம் பார்ப்பதற்கு அது உங்களுக்கு உதவாது. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று தாளில் அச்சிட்டிருப்பது, காலை 6 மணிக்கு உதித்து மாலை 6 மணிக்கு மறைகிற சூரியனை வைத்துப் போட்ட வசதிக்கணக்கு. பகற்பொழுதை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குவதே முறை. தஞ்சாவூர்ப் பக்கம் ஆண்டு முழுவதும் உதயம் 6 மணியை ஒட்டியே அமைவதால் அந்தக் கணக்கு பெரிய பிழையின்றி ஓடுகிறது. உங்கள் ஊரில் டிசம்பர்ப் பகல் சுமார் 8 மணி நேரம்தான் என்பதால் ஒரு பங்கு 1 மணி நேரமே ஆகும். திங்கட்கிழமைக்கு உரியது இரண்டாம் பங்கு. எனவே அங்கே ராகு காலம் 9.30 முதல் 10.30 வரை. அச்சிட்ட 7.30 மணியைப் பிடித்துக்கொண்டால், சூரியனே உதிக்காத கும்மிருட்டில் ராகு காலம் பார்ப்பதாகிவிடும். அதுவே ஜூன் மாதத்தில் பங்கு 2 மணி நேரத்தைத் தாண்டும். (அலுவலகத்தில் கூட்டம் கூட்டுகிறவர் ராகு காலம் பார்த்துக் கூட்டமாட்டார் என்பதால், இந்தக் கணக்கை வீட்டுச் சுப காரியங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

பிரதோஷமும் அப்படியே. மாலை 4.30 முதல் 6 வரை என்பது நம் கோயில்களில் பழகிவிட்ட நேரம். அதன் அடிப்படை, திரயோதசி நாளில் சூரியன் மறைவதற்கு முந்திய 3¾ நாழிகை, அதாவது 1½ மணி நேரம். ஜூன் மாதத்தில் 9.50 மணிக்குச் சூரியன் மறையும் உங்கள் ஊரில் பிரதோஷ வேளை இரவு 8.20 மணிக்குத்தான் தொடங்குகிறது. கணவர் வேலையிலிருந்து திரும்பி, குளித்து, இருவருமாக உட்காரத் தோதான நேரமாக அது அமைவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. குளிர்காலத்துக் காலைதான் சங்கடம். உதயத்துக்காகக் காத்திருந்து வேலையை இழக்க முடியாது. இருட்டாக இருக்கிறதே என்று அனுட்டானத்தை விடவும் கூடாது. கிளம்புவதற்கு முன் நீறணிந்து, அனுட்டானத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, ஐந்தெழுத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளட்டும். காலையில் உங்கள் பங்கை உதயத்தின்போது நீங்கள் நிதானமாகச் செய்யலாம். இருவரும் ஒரே வேளையில் உட்கார்ந்தால்தான் வழிபாடு என்று எங்கும் விதி இல்லை.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் குடியிருப்புகளில் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். அதன்மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிவிட்டுச் சாம்பிராணி போடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது அடுத்த வீட்டுக் குழந்தையின் உயிரோடு விளையாடுகிற காரியம். நெய்யில் நனைத்த ஒற்றைத் திரி, சிறிய அகல், அடியில் மணல் பரப்பிய பித்தளைத் தட்டு, திரைச்சீலை இல்லாத மூலை ஆகியவை போதும். நல்லெண்ணெயைவிட நெய்யில் புகை குறைவு. திரியின் கருகிய நுனியை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இன்னும் குறையும். சாம்பிராணியையும் சூடத்தையும் கோயிலுக்கு விட்டுவிடுங்கள். வீட்டைவிட்டு இறங்குவதற்கு முன் விளக்கை மலையேற்றிவிட (அணைத்துவிட) வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணியை மெல்ல அடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் இரவு 10 மணிக்கு மேலும் அமைதி காக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட ஒழுங்கு என்பதால், இட்லிக்கு அரைப்பதைச் சனிக்கிழமை பகலிலேயே முடித்துக்கொள்வது அக்கம்பக்கத்து உறவுக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் திறக்கா. தேங்காய், பழம் எல்லாம் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலுக்கு ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாளிடம் போய் வாருங்கள். தாய்நாட்டில் உயிருக்கு அஞ்சிப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்குச் செய்த கோயில் அது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். மாதம் ஒரு முறை போக முடிந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் போக முடியவில்லையே என்ற ஏக்கம் எழுந்தால், கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பெருமானை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்து, தவழ்ந்து, உருண்டு உடல் தேய்ந்த அவரை இறைவன் மேலே வரச் சொல்லவில்லை. ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கொடுத்தான். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் நாம் கூடுவது அந்தக் காட்சிக்காகத்தானே.

கேள்வி: என் கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகனும் மருமகளும் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். அமாவாசையன்று காலையில் நான் இங்கிருந்து தொலைபேசியில் நினைவூட்டுவேன். அவன் தவறாமல் தர்ப்பணம் செய்கிறான். ஆனால் அங்குள்ள கோயில் நாட்காட்டி வேறு நாளைக் காட்டுவதாக மருமகள் சொல்கிறாள். எது சரி?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: உங்கள் மருமகள் சொல்வதே சரி. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகுவது ஒரு திதி. அது தொடங்கும் நொடியும் முடியும் நொடியும் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். மாறுவது அந்த நொடியில் அந்தந்த ஊரின் கடிகாரம் காட்டும் நேரமும் கிழமையும். ஓர் அமாவாசை நம் நேரப்படி திங்கட்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மன்னார்குடியில் தர்ப்பணம் செவ்வாய்க்கிழமை. குளிர்காலத்தில் நியூ ஜெர்சி நம்மைவிட 10½ மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே அதே அமாவாசை திங்கட்கிழமை அதிகாலை 5.30 மணிக்குத் தொடங்கிச் செவ்வாய்க்கிழமை அதிகாலை 4.30 மணிக்கே முடிந்துவிடும். ஆகவே அங்கே தர்ப்பணம் திங்கட்கிழமை. நீங்கள் செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு அழைக்கும்போது அங்கே திங்கட்கிழமை இரவு 8.30 மணி. மறுநாள் காலையில் அவர் எள்ளும் நீரும் இறைக்கும்போது அடுத்த திதியான பிரதமை வந்திருக்கும்.

சங்கல்பத்தையே பாருங்கள், எந்தத் தீவில், எந்தப் பகுதியில் நின்றுகொண்டு செய்கிறோம் என்பதைச் சொல்லித்தான் கருமத்தைத் தொடங்குகிறோம். அமெரிக்கக் கோயில்கள் பலவற்றில் பாரதம் அடங்கிய ஜம்பூ த்வீபத்துக்குப் பதிலாகக் க்ரௌஞ்ச த்வீபம் என்று சொல்வது அதனால்தான். மகன் அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தையே பின்பற்றட்டும். நினைவூட்டும் பொறுப்பை மருமகளிடம் விட்டுவிடுங்கள். அவர் உங்களைவிடக் கவனமாகத்தான் இருக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு இது தலை ஆடி. கனடாவில் இருக்கிறாள். ஆடிப்பெருக்குக்குக் காவிரியும் இல்லை, படித்துறையும் இல்லை. தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறாள். அங்குள்ள ஏரியில் செய்யலாமா?
– வாசகி, திருக்காட்டுப்பள்ளி

பதில்: ஏரியில் வேண்டாம். பூவையும் காதோலை கருகமணியையும் நீரில் விடுவதை அங்கே குப்பை கொட்டுவதாக எடுத்துக்கொள்ளக்கூடும். மேட்டூரில் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில் ஆற்று மணலை வெறித்துக்கொண்டு நாமே குழாயடியிலும் பம்புசெட்டிலும் பதினெட்டாம் பெருக்கைக் கொண்டாடியிருக்கிறோமே! ஒரு சொம்பு நீரில் மஞ்சளும் பூவும் இட்டுக் காவிரியாக நினைத்து வணங்கி, காப்பரிசி படைத்து, புதுக்கயிறு மாற்றிக்கொண்டு, அந்த நீரை வீட்டில் உள்ள செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஆடி 18 சூரியக் கணக்கில் வரும் நாள். பெரும்பாலும் ஆகஸ்ட் 2 அல்லது 3. அமாவாசையைப் போல இதற்குத் திதிக் குழப்பம் இல்லை.

கேள்வி: நாங்கள் ஒப்பிலியப்பன் கோயில் பக்கத்தைச் சேர்ந்தவர்கள், இப்போது டாலஸில் இருக்கிறோம். அகத்தில் சாளக்கிராமம் எழுந்தருளியிருப்பதால் நாள்தோறும் தளிகை (பெருமாளுக்குப் படைக்கும் சமையல்) செய்து திருவாராதனம் (வீட்டுப் பூஜை) நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். மனைவி என்னைச் சார்ந்து வந்தவருக்கான எச்-4 விசாவில் இருப்பதால் வேலைக்குப் போக இயலவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். முதலில் ஆர்வமாகச் செய்தவள், இப்போது அலுத்துக்கொள்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள். அம்மாவோ தினமும் காணொளி அழைப்பில் கோயிலாழ்வாரை (பெருமாள் எழுந்தருளியிருக்கும் பூஜை மாடத்தை) பார்த்து, கோலம் ஏன் இல்லை, புஷ்பம் ஏன் இல்லை என்று கேட்கிறார். அவளுக்குப் பக்தி குறைந்துவிட்டதா?
– ஒரு வாசகர்

பதில்: பக்தி குறையவில்லை, ஆள் குறைந்திருக்கிறது. உங்கள் பாட்டியார் காலத்துத் தளிகையை நினைத்துப் பாருங்கள். கொல்லையில் கிணறும் வாழையும் துளசியும் இருந்தன. பொழுது விடியும் முன்பே பால்காரர் வந்துவிடுவார். பூக்காரம்மா திண்ணையில் கூடையை இறக்கி, முழம் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர்க்கதையையும் சொல்லிவிட்டுப் போவார். ஒருவர் அரைக்க, ஒருவர் நறுக்க, ஒருவர் மடியாக அடுப்படியில் நிற்க, மாதத்தில் சில நாள் ஒருவர் விலகினால் இன்னொருவர் கை கொடுக்க ஒரு வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒரு தெருவே சேர்ந்து செய்த கைங்கர்யத்தை, பேச்சுத்துணைகூட இல்லாத ஓர் அடுக்ககத்தில், இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் தனியே செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அவர் அழுவதற்குக் காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள்.

திருவாராதனம் உங்களுடைய கடமை. காலையில் முன்னதாக எழுந்து அதை நீங்கள் செய்யுங்கள். வார நாட்களில் காய்ச்சிய பாலும் உலர்திராட்சையும் கற்கண்டும் அமுது செய்விக்கலாம். பழமோ தயிர்சாதமோ இருந்தால் அதுவும் ஆகும். உங்கள் ஊர்ப் பெருமாள் உப்பில்லாத அமுதையே ஆண்டாண்டு காலமாக ஏற்றுக்கொண்டு நிற்கிறவர். எளிய படையலுக்கு முகம் சுளிக்கமாட்டார். சனி, ஞாயிறில் முழுத் தளிகை வைத்துக்கொள்ளுங்கள். நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் உங்கள் கையால் நடக்கட்டும். ஒரு நாள் வெண்பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்தாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

டாலஸில் கார் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. அதனால் அடுத்த உற்சவத்துக்கு வெள்ளிப் பாத்திரம் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். எச்-4 விசாவில் இருப்பவரும் டெக்சஸில் ஓட்டுநர் உரிமம் பெறலாம். தாமாகக் கோயிலுக்குப் போய், மார்கழியில் திருப்பாவை சேவிக்கும் கோஷ்டியில் நான்கு பெண்களோடு உட்கார்ந்து எழுந்தால் அவருடைய முகமே மாறிவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகும் அழுகை நிற்காவிட்டால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதைப் பரிகாரம் செய்து தீர்க்கப் பார்க்காதீர்கள்.

அம்மாவின் அழைப்பை வாரத்துக்கு இரண்டு நாள் என்று வரையறுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் கைபேசி உங்கள் கையில் இருக்கட்டும். தளிகையைக் குறைத்தது உங்கள் முடிவு என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சின்போது மனைவி பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.