கடல் பிராணிகளை வைத்துப் படமும் கதையும்: கேள்வி பதில்

கேள்வி: ஆறு வயது மகள் நன்றாக வரைகிறாள். கதை எழுதச் சொன்னால் "ஒரு கடல்ல ஒரு மீன் இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: வெறும் மீனை வைத்துக்கொண்டு அவள்தான் என்ன செய்வாள்? துறவி நண்டைக் கொடுங்கள். அதன் வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும். அதனால் காலிச் சங்குக்குள் புகுந்து வாழும். உடம்பு வளர்ந்ததும் பெரிய சங்காகத் தேடி வீடு மாறும். இதைச் சொன்னதுமே, "மாறும்போது யாராவது பிடிச்சுட்டா?" என்று குழந்தையே கேட்கும். கதை அங்கே தொடங்கிவிட்டது.

முதலில் சங்கில்லாத நண்டை வரையட்டும். அப்புறம் தனித்தாளில் நான்கு சங்குகளை வரைந்து, வெட்டி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கட்டும். ஒன்று இறுக்கும், ஒன்று தொளதொளக்கும், ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருக்கும். நடந்ததைச் சங்கின் பின்பக்கம் ஒரு வரி எழுதினால் போதும். என் வகுப்பில் ஒரு வாண்டு, "உள்ளே யாரோ தும்மினார்கள்" என்று எழுதியது.

கேள்வி: வாட்டர்கலர் காய்வதற்குள் பிள்ளைகள் கையை வைத்துக் கலைத்துவிடுகிறார்கள்.

பதில்: காயும் நேரத்தைத்தான் எழுதுவதற்குக் கொடுக்க வேண்டும். வெள்ளை மெழுகு க்ரேயானால் ஜெல்லி மீனை அழுத்தி வரைந்து, மேலே நீல வாட்டர்கலர் பூசுங்கள். மெழுகில் தண்ணீர் ஒட்டாது. மீன் பளிச்சென்று வெளியே வரும். ஈரம் மினுமினுக்கும்போதே உப்பைத் தூவினால் புள்ளிப் புள்ளியாக வெளுக்கும். தண்ணீர் தேங்கி நின்றால் உப்பு கரைந்துவிடும், அவ்வளவுதான். தாளை ஓரமாக வைத்துவிட்டு, மூளையே இல்லாத ஜெல்லி மீனின் டைரியை எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து வயது மகன் இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை என்கிறான்.

பதில்: அப்படியானால் கறுப்புத் தாளும் மஞ்சள் வண்ணப் பென்சிலும் கொடுங்கள். ஆழ்கடல் தூண்டில் மீன்களில் பெண்ணுக்குத் தலையில் ஒளிரும் தூண்டில் உண்டு. அந்த வெளிச்சம் படுகிற இடத்தை மட்டும் வரைய வேண்டும். கதையைச் சொல்வது, வெளிச்சத்தைப் பார்த்து ஆசையாக வரும் குட்டி மீன். தூண்டில் மீனின் பல்லைக் கடைசி வரி வரை காட்டக் கூடாது.

கேள்வி: ஆக்டோபஸுக்கு ஊதா அடிக்கிறான். திருத்தலாமா?

பதில்: வேண்டாம். நிறம் மாற்றும் பிராணிதானே, ஏன் ஊதாவானது என்று எழுதட்டும். கை மட்டும் எட்டு இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: எழுத்துப் பிழைகளை?

பதில்: அன்றைக்கு வேண்டாம்.