அண்ணாச்சி பதில்கள்: 'பயந்தா வீட்டுக்குப் போலே!'

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மாசி, பங்குனியில் மலையில் தீப்பிடித்தால் தினக்கூலிக்கு ஆள் கூப்பிடுவார்கள், நானும் போவேன். இந்த வருஷம் வந்திருக்கிற குழுத் தலைவர், கீழே தீ எரிந்துகொண்டிருக்க, மத்தியான வெயிலில் அதுக்கு மேலே சரிவில் நின்று புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடச் சொல்கிறார். அவர் ஜீப்பை விட்டு இறங்குவதே இல்லை. இருக்கிற ஒரே வாக்கி-டாக்கியும் அவர் கையில். கேட்டால், 'பயந்தா வீட்டுக்குப் போலே' என்கிறார். போனால் கூலி போச்சு. என்ன செய்ய? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, நீங்கள் பயந்ததுதான் சரி. பயப்படாத அந்த ஆளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், ஏனென்றால் சுவாலை சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது, போதாக்குறைக்குப் பகல் வெயிலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலே ஏறும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கேயும் காய்ந்த புல் சரிவுதான்.

நம்ம ஆட்கள் கையில் பச்சைக்குழையைத் தவிர ஒன்றுமில்லாததால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், கொலராடோவின் சவுத் கேன்யன் தீயில், 1994 ஜூலையில் 14 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். ஹெல்மெட், ரேடியோ எல்லாம் இருந்தவர்கள். காற்று பலமாக வரப்போகிறது என்ற வானிலை எச்சரிக்கை அலுவலகத்துக்கு வந்திருந்தும், மலையில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதுக்கு மூணு வருஷம் முன்பே, 1991-இல், பால் கிளீசன் என்ற தீயணைப்பு வீரர் சுருக்கமாகச் சொல்லிவைத்திருந்தார்: தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள், அவன் சொல்வது எல்லோருக்கும் கேட்க வழி, ஓட ஒரு பாதை, ஓடிப்போய் நிற்க ஒரு இடம். இதைக் காட்டாமல் ஆளை உள்ளே அனுப்புகிறவர் தலைவர் இல்லை, மேஸ்திரிகூட இல்லை.

அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கிறவர்களின் கையேட்டிலேயே ஆபத்தான வேலையை மறுக்கிற முறை இருக்கிறது. காரணம் சொல்லி, மாற்று வழியும் சொல்லி மறுக்க வேண்டும். அதே வேலையை இன்னொரு குழுவிடம் கொடுத்தால், முன்னால் ஒருத்தர் மறுத்ததையும் ஏன் என்பதையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

நீங்கள் தனியாகப் பேசினால் பயந்தாங்கொள்ளிப் பட்டம் நிச்சயம். மலையை அறிந்த மூத்தவர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஜீப் கிளம்புவதற்கு முன்பே, அடிவாரத்திலேயே சொல்லுங்கள்: "சார், எரிந்து ஆறின தரையில் காலை வைத்துத் தீயைப் பக்கவாட்டில் அடிச்சுட்டு வாறோம். இல்லேன்னா வெயில் தாழட்டும்." 'மாட்டோம்' என்ற வார்த்தையே இதில் வரவில்லை பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மேலதிகாரிக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். அப்புறம், வேலைக்குப் போன தேதியை எழுதிவைக்கிற பழக்கம் இருக்கட்டும், காயம்பட்டால் இழப்பீடு கேட்க உதவும். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே காட்டுத்தீ அணைக்கிற வேலையைப் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். தினக்கூலிதானே என்று யாராவது தட்டிக்கழித்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: என் மகனும் தீயணைக்கப் போகிறான். என்ன உடுத்திவிட? (ஒரு தாய், கடையம்)

பதில்: முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் செருப்பாவது ஷூவாவது. பாலியஸ்டர் பனியன் வேண்டவே வேண்டாம் அம்மா, வெக்கையில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் செருப்பும் அப்படித்தான். தண்ணீர் ஒரு பாட்டில் பத்தாது, கூட ரெண்டு கொடுத்துவிடுங்கள்.